வீடியோவை கன்வர்ட் செய்யும்போது உள்ளே என்ன மாறுகிறது?

பழைய டிவிடியில் இருக்கும் குடும்ப வீடியோவைக் கைபேசியில் பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால், உடனே வரும் பதில் 'எம்பி4 ஆக கன்வர்ட் பண்ணிக்கோங்க' என்பதுதான். பதில் தப்பில்லை, ஆனால் அரைகுறை. எம்பி4 என்று பெயர் போட்ட இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடும், இன்னொன்று ஓடாது. இன்னும் ஒன்றில் படம் வரும், சத்தம் வராது. ஒருவர் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரவு முழுக்கக் கணினியை ஓடவிடுகிறார். மற்றொருவர் கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று குழம்புகிறார்.

இதில் மனதுக்கு மிகவும் வருத்தம் தருவது, தரம் குறைந்த ஒரு நகலை எடுத்துவிட்டு மூல வட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது. கடையில் வாங்கிய திரைப்படம் என்றால் இன்னொரு பிரதி கிடைத்துவிடும். தாத்தாவின் குரல் பதிவான ஒரே வட்டு என்றால் கிடைக்காது. அதனால் கன்வர்ட் என்ற பெயரில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

உறை வேறு, கடிதம் வேறு

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உறை, உள்ளே தாள், தாளில் ஏதோ ஒரு மொழியில் எழுத்து. உறையைப் பார்த்து உள்ளே என்ன மொழி என்று சொல்ல முடியாது. வீடியோ கோப்பும் இப்படித்தான். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் உறைகள். இவற்றை கன்டெய்னர் என்பார்கள். படம், ஒலி, சப்டைட்டில் மூன்றையும் ஒன்றாக வைத்து, எந்த நொடியில் எது வர வேண்டும் என்ற குறிப்போடு கட்டிவைப்பது கன்டெய்னரின் வேலை.

உள்ளே இருக்கும் எழுத்தின் மொழிக்குப் பெயர் கோடெக். படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதவும், எழுதியதைத் திரும்ப விரித்துப் படிக்கவும் உள்ள விதிமுறை அது. படத்துக்கான கோடெக்குகளில் எம்பெக்-2, ஹெச்.264, ஹெச்.265, ஏவி1 ஆகியவற்றை அதிகம் பார்ப்பீர்கள். ஒலிக்கு எம்பி3, ஏஏசி, ஏசி-3, டிடிஎஸ். ஒரே எம்கேவி உறைக்குள் ஹெச்.264 படமும் ஏசி-3 ஒலியும் இருக்கலாம், ஹெச்.265 படமும் ஏஏசி ஒலியும் இருக்கலாம். 'என்னிடம் எம்கேவி இருக்கிறது, ஓடவில்லை' என்று சொன்னால் யாராலும் சரியான பதில் தர முடியாததற்குக் காரணம் இதுதான்.

பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றுவது, உறையின் மேல் வேறு முகவரி எழுதுவது போன்றது. உறைகூட மாறவில்லை. ஆனாலும் விஎல்சி போன்ற பிளேயர்களில் அப்படிப் பெயர் மாற்றிய கோப்பு ஓடிவிடும். ஏனென்றால் அவை பெயரை நம்பாமல் கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கின்றன. அதைப் பார்த்துத்தான் பலர், பெயரை மாற்றினாலே கன்வர்ட் ஆகிவிட்டது என்று நம்புகிறார்கள். அதே கோப்பைக் கண்டிப்பான வேறொரு கருவியில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சுருக்கமாக: கன்டெய்னர் என்பது உறை, கோடெக் என்பது உள்ளே எழுதிய முறை. ஒரு கோப்பு ஓடுமா என்பதை இரண்டும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

எதற்காகச் சுருக்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது புரிந்துவிடும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் தயாரித்த டிவிடியில் ஒரு படச்சட்டம் 720 × 576 புள்ளிகள் கொண்டது, அதாவது 4,14,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட் என்று வைத்தால் ஒரு படச்சட்டத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம் பைட். நொடிக்கு 25 படச்சட்டங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 224 ஜிபி வருகிறது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவோ 4.7 ஜிபி. கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்கு இடத்தில் அந்தப் படம் உட்கார்ந்திருக்கிறது.

எப்படி? அடுத்தடுத்த படச்சட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். சுவர் அசையவில்லை, நாற்காலி அசையவில்லை. உதடும் கையும்தான் அசைகின்றன. எனவே ஒரு படச்சட்டத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றுக்கு 'இந்தப் பகுதி இவ்வளவு நகர்ந்தது, இது மட்டும் மாறியது' என்று குறிப்பு எழுதினால் போதும். அப்படி முழுதாக எழுதப்படுவது கீஃபிரேம். வீடியோவை முன்னே தள்ளும்போது சில சமயம் நீங்கள் தொட்ட இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பதற்கும் இதுதான் காரணம்: பிளேயர் அருகில் உள்ள கீஃபிரேமைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது உத்தி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுவது. படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்கிவிடுகிறார்கள். வெளிச்ச வேறுபாட்டைவிட நிற வேறுபாட்டில் நம் கண் சற்று மந்தம் என்பதால், நிறத் தகவலைக் குறைந்த நுணுக்கத்திலேயே பதிவு செய்கிறார்கள். அளவுக்கு மீறிச் சுருக்கிய வீடியோவில் கட்டம் கட்டமாகத் தெரிவது அந்தச் சதுரங்களின் ஓரம்தான்.

இங்கே ஒன்றை நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டது விட்டுவிட்டதுதான், எந்த மென்பொருளும் கோப்பிலிருந்து அதை மீட்டுத் தராது. டிவிடியிலிருந்து எடுத்த படத்தை 1920 × 1080 ஆகப் பெரிதாக்கினால் கோப்பு வீங்கும், தெளிவு கூடாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சேர்க்கும் தெளிவுகூட ஊகித்து வரைந்தது, வட்டில் இருந்தது கிடையாது. குடும்பத்தார் முகங்கள் விஷயத்தில் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அப்படி ஒன்று வேண்டுமென்றால் அதைத் தனி நகலாக வைத்துக்கொள்ளலாம்.

வட்டுக்குள் என்ன இருக்கிறது?

விசிடி 1993இல் வந்தது. அதில் எம்பெக்-1 கோடெக், 352 × 288 அல்லது 352 × 240 புள்ளிகள். வட்டைத் திறந்தால் டாட் (.dat) என்று முடியும் பெரிய கோப்புகள் தெரியும். படம் அவற்றில்தான் இருக்கிறது. டிவிடி 1996இல் வந்தது. அதில் எம்பெக்-2 படம், பெரும்பாலும் ஏசி-3 ஒலி. வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என மூன்று வகைக் கோப்புகள் கிடக்கும். விஓபியில் படமும் ஒலியும், ஐஎஃப்ஓவில் எது எங்கே தொடங்குகிறது என்ற வரைபடம், பியுபியில் அந்த வரைபடத்தின் மாற்றுப் பிரதி. ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே வீடியோ நான்கைந்து துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக கன்வர்ட் செய்துவிட்டு, இணைப்பில் வசனம் வெட்டுப்படுகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. மென்பொருளிடம் தனி விஓபியைக் கொடுக்காமல் முழு ஃபோல்டரையும் கொடுத்தால், அதுவே வரைபடத்தைப் படித்துத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும்.

2006இல் விற்பனைக்கு வந்த புளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. படம் பெரும்பாலும் ஹெச்.264. மற்றபடி தத்துவம் இதேதான்.

கடையில் விற்கும் திரைப்பட டிவிடி, புளூ-ரே வட்டுகள் பலவற்றில் நகல் தடுப்புப் பூட்டும் இருக்கும். அப்படிப்பட்ட வட்டிலிருந்து கோப்புகளை வெறுமனே காப்பி செய்தால், படம் சிதைந்து கலைந்து தெரியும். வட்டு பழுது என்று நினைத்துவிட வேண்டாம், தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். வீட்டு விழாக்களைப் பதிவு செய்த வட்டுகளில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

கன்வர்ட் என்று மொத்தமாகச் சொல்லும்போது மூன்று தனித்தனி வேலைகள் கலந்துவிடுகின்றன.

முதல் வேலை, வட்டில் இருப்பதை அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது. இதற்கு ரிப் என்று பெயர். தரத்தில் துளியும் இழப்பு இல்லை. டிவிடியை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுத்துக்கொண்டால் மெனு உட்பட முழு வட்டும் கைவசம். விசிடிக்கு இது பொருந்தாது. அதன் படத் தகவல் வேறு வகையில் எழுதப்பட்டிருப்பதால் பின் (.bin), கியூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். வீட்டில் எழுதிய வட்டுகளில் தகவல் ஒரு சாயப் பூச்சில் பதிவாகிறது. வெயிலும் வெப்பமும் காலமும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். எனவே கைபேசியில் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் வட்டை ரிப் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, உறையை மட்டும் மாற்றுவது. ரீமக்ஸ் என்பார்கள். எம்கேவிக்குள் இருக்கும் ஹெச்.264 படத்தையும் ஏஏசி ஒலியையும் எடுத்து எம்பி4 உறையில் போடுவது இதற்கு நல்ல உதாரணம். ஓர் எழுத்துகூட மாறாது. முழு நீளப் படத்துக்கும் கணினி எடுத்துக்கொள்வது கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு காப்பி செய்யும் நேரம்தான்.

மூன்றாவது வேலை, ஒரு மொழியில் இருப்பதை வேறொரு மொழியில் திரும்ப எழுதுவது. இதுதான் டிரான்ஸ்கோட். மென்பொருள் ஒவ்வொரு படச்சட்டத்தையும் விரித்து, மறுபடி புதிய கோடெக்கில் சுருக்குகிறது. நேரம் பிடிக்கும், கணினி சூடாகும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். முதல் நகலிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று எடுத்துக்கொண்டே போனால் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். நாளைக்கு வேறு கருவி வாங்கினால், கைபேசிக்காகச் செய்த கோப்பிலிருந்து அல்ல, ரிப் செய்து வைத்த மூலத்திலிருந்து எடுங்கள்.

இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அது படத்தை எப்போதும் டிரான்ஸ்கோட்தான் செய்யும்; உறை மாற்றும் வேலைக்கு அது கருவி ஆகாது. அதற்கு அவிடீமக்ஸ் இருக்கிறது, கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. இரண்டிலும் 'காப்பி' என்ற தேர்வைக் கொடுத்தால் உள்ளே இருப்பதைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றித் தரும்.

ஆக, ரிப் என்பது வட்டிலிருந்து எடுப்பது, ரீமக்ஸ் என்பது உறை மாற்றுவது, டிரான்ஸ்கோட் என்பது திரும்ப எழுதுவது. மூன்றில் கடைசியில்தான் தரம் குறையும்.

கருவி ஏன் மறுக்கிறது?

கைபேசி, டேப்லெட் போன்ற கருவிகளில் வீடியோவை விரிப்பதற்கென்றே சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதை ஹார்டுவேர் டிகோடர் என்பார்கள். அதற்குத் தெரிந்த கோடெக் வந்தால் குறைந்த மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும். தெரியாத கோடெக் வந்தால் இரண்டே வழிதான்: மறுத்துவிடலாம், அல்லது பொதுவான செயலியைக் கொண்டு மென்பொருளால் விரிக்கலாம். இரண்டாவது வழியில் பேட்டரி வேகமாகத் தீரும். படம் பெரியதாக இருந்தால் திக்கித் திணறும்.

ஹெச்.264க்கு இந்த இடத்தில் தனி மதிப்பு உண்டு. 2003இல் வெளியான அந்த முறையைப் படிக்கத் தெரியாத கருவி இன்று அரிது. 2013இல் வந்த ஹெச்.265 ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும் நோக்கத்தோடு உருவானது; 2018இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனம். ஆனால் பழைய கருவிகளில் அவற்றுக்கான டிகோடர் இருக்காது. பல கருவிகளில், பல வருடங்கள் பார்க்க வேண்டிய வீடியோ என்றால் எம்பி4 உறை, ஹெச்.264 படம், ஏஏசி ஒலி என்ற கூட்டணியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இடம் கொஞ்சம் அதிகம் ஆனாலும் பரவாயில்லை.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒலியின் கோடெக். ஏசி-3, டிடிஎஸ் இரண்டும் திரையரங்கு, ஹோம் தியேட்டர் உலகைச் சேர்ந்தவை. பல கைபேசிகளின் சொந்த பிளேயருக்கு அவை தெரியாது. இதற்காக முழுப் படத்தையும் திரும்பச் சுருக்குவது வீண். படத்தைக் 'காப்பி' என்று விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றினால் சில நிமிடங்களில் வேலை முடியும், படத்தின் தரமும் அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே எத்தனையோ பேருக்கு மணிக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

சில சமயம் வீடியோவில் ஒரு குறையும் இருக்காது. மெமரி கார்டோ பென்டிரைவோ ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபியை எட்டும் எந்தக் கோப்பையும் அது ஏற்காது. இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் காப்பி ஆகவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், கன்வர்ட் செய்யவே தேவையில்லாத நிலையும் உண்டு. டிவிடியின் எம்பெக்-2 படம் இன்றைய கைபேசிச் செயலிக்குப் பெரிய சுமை இல்லை. கைபேசியில் விஎல்சி போட்டுக்கொண்டால் விஓபி கோப்பே நேராக ஓடிவிடும். ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செட்டிங் பக்கத்தில் எதைத் தொடுவது?

எல்லாவற்றுக்கும் முன், மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். கன்டெய்னர், கோடெக், புள்ளிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் எந்த வேலை தேவை என்று முடிவு செய்ய முடியும்.

டிரான்ஸ்கோட் தேவை என்று முடிவானால், அடிக்கடி கண்ணில் படும் சொல் பிட்ரேட். ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தகவலின் அளவு அது. கோப்பின் அளவை நிர்ணயிப்பது பிட்ரேட்டும் நீளமும் மட்டுமே. நொடிக்கு 2 மெகாபிட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 7,200 நொடிக்கு, 14,400 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 1,800 மெகாபைட்.

ஆனால் பிட்ரேட்டை நாமே நிர்ணயிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமைதியான பேச்சுக்கும் ஆரவாரமான நடனத்துக்கும் ஒரே அளவு தகவல் போதாது. அதனால் ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்ற தர எண்ணைத் தருவது நல்லது. தரத்தை நீங்கள் சொல்கிறீர்கள். எந்தக் காட்சிக்கு எவ்வளவு தகவல் வேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை, 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை வைத்தால் பெரும்பாலும் நன்றாக வரும்.

புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாமல் விடுங்கள். படத்தை 320 × 240 ஆகச் சுருக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. 2005இல் வீடியோ வசதியோடு வந்த ஐபாடின் திரை அந்த அளவில் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது சரியான யோசனை. இன்றைய திரையில் அந்தப் படம் மங்கலாகத்தான் தெரியும்.

முகங்கள் நீண்டோ சப்பையாகவோ தெரிந்தால் அது விகிதப் பிரச்சினை. டிவிடியின் புள்ளிகள் சரியான சதுரம் கிடையாது. அதே 720 × 576 புள்ளிகளை, பழைய டிவி வடிவத்துக்கு 768 × 576 ஆகவும், அகலத் திரைக்கு 1024 × 576 ஆகவும் இழுத்துக் காட்ட வேண்டும். எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு வட்டில் இருக்கும். நல்ல மென்பொருள் அதைத் தானே படித்துக்கொள்ளும். நாம் அகலத்தையும் உயரத்தையும் கையால் மாற்றும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

அடுத்தது சீப்புக் கோடுகள். கை வேகமாக அசையும்போது அதன் ஓரத்தில் சீப்பின் பற்கள் போலக் கிடைக்கோடுகள் தெரியும். பழைய கேமராக்கள் ஒரு படச்சட்டத்தை முழுதாகப் பிடிக்காமல், ஒற்றைப்படை வரிகளை ஒரு நொடிப்பொழுதிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த நொடிப்பொழுதிலும் பிடித்தன. இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். குழாய் டிவி அதே வரிசையில் வரைந்ததால் உறுத்தவில்லை. கைபேசித் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், கை இரண்டு இடங்களில் இருப்பது தெரிந்துவிடுகிறது. கன்வர்ட் செய்யும்போதே டீஇன்டர்லேஸ் என்ற வசதியை இயக்க வேண்டும். அதை மறந்து சுருக்கிவிட்டால் கோடுகள் படத்தோடு பதிந்துவிடும், பின்னால் சுத்தமாக நீக்குவது மிகவும் கடினம். வீட்டு வீடியோ வட்டுகளில் இன்டர்லேஸ் மிகவும் சாதாரணம் என்பதால் இதை முதலிலேயே கவனியுங்கள்.

சப்டைட்டில் பற்றி ஒரு வார்த்தை. டிவிடியில் அது எழுத்தாக இல்லாமல் சிறு படங்களாக இருக்கும். பல கைபேசி பிளேயர்கள் அவற்றைக் காட்டாது. படத்தின் மேலேயே பதித்துவிடும் தேர்வு மென்பொருளில் உண்டு. அப்படிச் செய்தால் எங்கும் தெரியும், ஆனால் வேண்டாதபோது அணைக்க முடியாது.

முழு வீடியோவையும் ஓடவிடும் முன், அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடப் பகுதியை மட்டும் கன்வர்ட் செய்து, பார்க்கப்போகும் அதே கருவியில் ஓட்டிப் பாருங்கள். முகத்தின் விகிதம், சீப்புக் கோடு, சத்தம் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். அது சரி என்றால் முழுதையும் எடுத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடங்களைத் தவறாமல் பாருங்கள். ஒலிக்கும் உதட்டுக்கும் இடையே விலகல் இருந்தால் தொடக்கத்தில் தெரியாது. போகப் போகச் சேர்ந்து கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும்.